தாம்பரம் வந்த தலைவர்

தாம்பரம் ரயில் நிலையத்தின் கிழக்குப் பக்கம் இறங்கினால் முதலில் காதில் விழுவது ஷேர் ஆட்டோக்காரர்களின் குரல். சேலையூர், கேம்ப் ரோடு, மேடவாக்கம் என்று கூவி ஆள் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். அந்த நெரிசலை ஒட்டியேதான் சென்னை கிறித்துவக் கல்லூரி. வாயிலைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் ஹாரன் சத்தம் அமுங்கிவிடும். 365 ஏக்கர் பரப்பில் முட்புதர்க் காடும் மரங்களும். காலையில் போகிறவர்கள் கண்ணில் புள்ளிமான் படும். ஜார்ஜ் டவுனில் உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த கல்லூரி, இடம் போதாமல் 1937இல் இங்கே குடிபெயர்ந்தது. வந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத நிலையில், 1938 டிசம்பர் 12 முதல் 29 வரை, உலகக் கிறித்துவ சபைகளின் மாநாடு ஒன்று இந்த வளாகத்தில் கூடியது. 69 நாடுகளிலிருந்து 471 பேர் வந்தார்கள். அமெரிக்கரான ஜான் மாட் தலைமை தாங்கினார்.

வந்தவர்களில் ஒருவர் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் மாகாணத்தைச் சேர்ந்த ஜூலு இனத்தவர். வயது நாற்பதை ஒட்டி. குரௌட்வில் என்ற கரும்பு விவசாயக் கிராமத்தின் தலைவராகப் பொறுப்பேற்று அப்போது மூன்றாவது ஆண்டு. பள்ளி ஆசிரியர், சபையில் பிரசங்கம் செய்பவர், கால்பந்துப் பைத்தியம். அரசியலில் பெயர் எதுவும் கிடையாது. ஆல்பர்ட் லுதுலி என்று பதிவேட்டில் இருந்த அவருக்கு வீட்டில் வைத்த ஜூலுப் பெயர் ம்வும்பி. விடாமழை என்று பொருள். அந்தப் பெயர்தான் அவருக்குப் பிடிக்கும்.

இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1961 டிசம்பரில், ஆஸ்லோவில் அமைதிக்கான நோபல் பரிசை வாங்கியவர் இவர்தான். அந்தப் பரிசைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கர். 1952 முதல் 1967இல் சாகும்வரை ஆப்பிரிக்க தேசிய காங்கிரசின் தலைவர். நெல்சன் மண்டேலாவின் தலைவர்.

புதிய தென்னாப்பிரிக்காவை நிறுவிய தலைவர் யார் என்றால் உலகம் மண்டேலாவைச் சொல்லும். அது சரிதான். ஆனால் மண்டேலா 1994இல் கட்டியெழுப்பிய நாட்டுக்கு அடித்தளக் கோடு கிழித்தது யார் என்று தேடினால் விடை இந்தக் கிராமத் தலைவரிடம் போய் நிற்கும். எல்லா நிறத்தாருக்கும் சொந்தமான ஒரே நாடு என்ற எண்ணத்தை, அதைக் கைவிடுவது லாபமாக இருந்த ஒவ்வொரு முறையும் கைவிடாமல் காத்தவர் லுதுலி. அந்தக் காப்பில் நேட்டாலின் தமிழர்களுக்கும் பங்கு உண்டு. தாம்பரத்துக்கும் சிறு பங்கு உண்டு.

லுதுலி பிறந்தது 1898 வாக்கில், அன்றைய ரொடீசியாவில், புலவாயோ நகரத்துக்குப் பக்கத்து மிஷன் ஒன்றில். கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா இறந்துபோனார். அம்மா ம்தோன்யா மகனைச் சொந்த ஊரான குரௌட்வில்லுக்கு அனுப்பினார். அங்கே அப்பாவின் சகோதரர் மார்ட்டின் லுதுலிதான் ஊர்த் தலைவர். தலைவர் வீட்டில் வளர்ந்ததால் வழக்கு கேட்பது, பஞ்சாயத்து பேசுவது, கோபக்காரர்களைப் பேசவிட்டுக் காத்திருப்பது எல்லாம் சிறுவயதிலேயே கண்ணில் பட்டன. பிறகு படிப்பு. சில காலம் ஓலாங்கே பள்ளியில் படித்தார். அதை 1901இல் நிறுவியவர் ஜான் டூபே. 1912இல் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் தொடங்கியபோது அதன் முதல் தலைவரும் டூபேதான். பள்ளிக்குச் சற்றுத் தொலைவில் காந்தி 1904இல் தொடங்கிய ஃபீனிக்ஸ் குடியிருப்பு. இரண்டும் ஒரே வட்டாரத்து நிலங்கள்.

ஆசிரியர் பயிற்சி முடித்து ஆடம்ஸ் கல்லூரியில் பதினைந்து ஆண்டுகள் வாத்தியார் வேலை. மேற்படிப்புக்கு உதவித்தொகை கிடைத்தபோது வேண்டாமென்றார், அம்மாவுக்குச் சம்பாதித்துப் போட வேண்டியிருந்தது. 1927இல் நொகுகான்யா பெங்குவைத் திருமணம் செய்துகொண்டார். அவரும் ஆசிரியை. ஏழு பிள்ளைகள்.

1933இல் ஊர்ப் பெரியவர்கள் வந்து, தலைவர் தேர்தலுக்கு நில்லுங்கள் என்றார்கள். குரௌட்வில் மிஷன் நிலத்து ஊர் என்பதால் அங்கே தலைமை பரம்பரைச் சொத்து அல்ல, தேர்தல் உண்டு. லுதுலி உடனே ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு ஆண்டுகள் யோசித்தார். சம்பளம் வெகுவாகக் குறையும், அதுவும் அரசு கொடுக்கும் சம்பளம், கொடுப்பவன் பிடுங்கவும் முடியும். கடைசியில் சரி என்றார். 1936 தொடக்கத்தில் சுமார் ஐயாயிரம் பேருக்குத் தலைவரானார்.

அவர் குணத்தை அறிய இந்தத் தலைமையின் முதல் சில ஆண்டுகளைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். மேடை கிடையாது, கூட்டம் கிடையாது. கடன் தகராறு, வரப்புத் தகராறு, குடும்பச் சண்டை, அனுமதிச் சீட்டு. ஊர்க் கூட்டத்தில் பெண்கள் உட்கார்ந்து பேச இடம் கொடுத்தார், அதற்கு முன் அந்த வழக்கம் இல்லை. 1936இல் வந்த சர்க்கரைச் சட்டம் சிறு விவசாயிகளின் கழுத்தைப் பிடித்தது. இவ்வளவு கரும்புதான் ஆலைக்குத் தரலாம் என்று ஆளுக்கு ஓர் அளவு. கறுப்பு விவசாயியிடம் இருப்பதோ துண்டு நிலம். லுதுலி கரும்பு விவசாயிகளை ஒரு சங்கமாகத் திரட்டினார். ஒருவருடைய குறைவை இன்னொருவர் ஈடுகட்டலாம், அளவை எல்லோருக்கும் பொதுவாகக் கணக்கிடலாம் என்ற மாற்றத்தைப் பேசி வாங்கினார். தனித்தனியாக இருந்தால் நசுக்கப்படுகிறவர்களைக் கூட்டாக்கி நிறுத்துவது என்ற பாடத்தை அவர் அரசியல் புத்தகத்தில் படிக்கவில்லை, கரும்பு வண்டியின் எடையில் படித்தார்.

அந்தக் கரும்பு வயல்களைச் சுற்றித் தமிழர்கள் இருந்தார்கள். 1860 அக்டோபரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பிய ட்ரூரோ கப்பல் நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகள் சுமார் 1,52,000 பேர். அவர்களில் பெரும்பகுதி சென்னை மாகாணத்தார். குரௌட்வில்லுக்கு அருகிலுள்ள ஸ்டாங்கர் நகரத்துக் கடைவீதியில் இந்தியர் கடைகள், சுற்றுவட்டாரக் கரும்புத் தோட்டங்களில் இந்தியக் கூலிகளின் பேரன் பேத்திகள். லுதுலிக்கு இந்தியர்கள் அந்நியர்கள் அல்லர். ஆனாலும் வெள்ளை அரசு வகுத்த ஏணியில் இந்தியன் ஒரு படி மேலே, ஆப்பிரிக்கன் கீழே. பக்கத்தில் வாழ்ந்தாலும் ஒன்றாக உட்கார்ந்து பேசும் பழக்கம் குறைவு.

இந்த நிலையில்தான் தென்னாப்பிரிக்கக் கிறித்துவ மன்றத்தின் பிரதிநிதிகளில் ஒருவராக அவர் தாம்பரம் வந்தார்.

மாநாடு முதலில் சீனாவின் ஹாங்சௌ நகரத்தில் நடப்பதாக இருந்தது. 1937இல் ஜப்பான் படையெடுத்ததால் இடம் மாறி, புதிதாகக் கட்டி முடித்திருந்த தாம்பரம் வளாகத்துக்கு வந்து சேர்ந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறை என்பதால் மாணவர் விடுதிகள் விருந்தினருக்குக் கிடைத்தன. கடற்கரை ரயில் நிலையத்திலிருந்து தாம்பரத்துக்கு 1931 முதலே மின்சார ரயில் ஓடிக்கொண்டிருந்தது.

மாநாட்டு விவாதங்கள் பெரும்பாலும் இறையியல். டச்சு அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமர் மற்ற சமயங்களைப் பற்றி எழுதிய தடித்த புத்தகம் ஒரு பக்கம். அதை மறுத்து நின்ற கிறித்துவக் கல்லூரி தத்துவப் பேராசிரியர் ஏ. ஜி. ஹாக் இன்னொரு பக்கம். ராதாகிருஷ்ணனுக்கு ஆசிரியராக இருந்தவர் அவர். அந்த விவாதம் சமய வரலாற்றில் முக்கியம். குரௌட்வில் தலைவருக்கு அதைவிட முக்கியமானது சபையில் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பது.

வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க நாட்டவர். போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில் சீனரும் ஜப்பானியரும் ஒரே கூடத்தில் அமர்ந்தார்கள். விருந்தோம்பிய இந்தியக் கிறித்துவ மன்றத்தின் தலைவர் பிஷப் அசரியா. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளைக்காரர், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப். யாழ்ப்பாணத் தமிழரான இளைஞர் டி. டி. நைல்ஸ் வந்திருந்தார். தென்னாப்பிரிக்காவிலிருந்தே மீனா சோகா என்ற கறுப்பினப் பெண் வந்திருந்தார். கறுப்பனும் வெள்ளையனும் ஒரே மேசையில் சாப்பிடுவதே அபூர்வமான நாட்டிலிருந்து வந்தவர், இங்கே ஒரு தமிழர் பிஷப்பாக நின்று வெள்ளைக்காரர்களை வரவேற்பதைப் பார்த்தார். வெளியே, சென்னை மாகாணத்தில் ராஜாஜியின் தேர்ந்தெடுக்கப்பட்ட மந்திரிசபை ஆண்டுகொண்டிருந்தது. அதை எதிர்த்து இந்தித் திணிப்புக்கு எதிரான போராட்டம் மும்முரமாக நடந்தது, மாநாடு தொடங்குவதற்குச் சில நாள் முன்புதான் பெரியாருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. ஆட்சியும் எதிர்ப்பும் இரண்டுமே இந்தியர் கையில். அடிமை நாடு என்று பெயர், ஆனாலும் லுதுலியின் நாட்டில் கறுப்பருக்கு இதில் பாதி உரிமைகூட இல்லை. 1936இல்தான் கேப் மாகாணத்துக் கறுப்பர்களை வாக்காளர் பொதுப் பட்டியலிலிருந்தே நீக்கியிருந்தார்கள்.

அந்தப் பயணம் தன் பார்வையை விரித்தது என்று லுதுலி தன்வரலாற்றில் எழுதுகிறார். அதற்கு மேல் ஏற்றிச் சொல்லக் கூடாது. தாம்பரத்திலிருந்து போனதும் அவர் போராட்டத்தில் குதித்துவிடவில்லை. கட்சியில் சேரவே இன்னும் ஆறேழு ஆண்டுகள் ஆயின. ஒரு மாநாடு ஒரு தலைவரை உண்டாக்கிவிடும் என்பது வசதியான கதை. விதை எங்கே விழுந்தது என்பதைச் சொல்லலாம், மரத்தை விதைத்த நாளிலேயே காட்ட முடியாது.

ஆனால் தாம்பரத்திலிருந்து கிளம்பிய ஒரு கேள்வி இருக்கிறது, இந்தக் கட்டுரையின் மையமே அதுதான். மாநாட்டுக்கு வந்த இன்னொரு தென்னாப்பிரிக்கர் எஸ். எஸ். தீமா பாதிரியார். ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் உறுப்பினர். மாநாடு முடிந்ததும் அவர் வார்தாவுக்குப் பக்கத்தில் சேகாவுனில் இருந்த காந்தியைப் போய்ப் பார்த்தார். 1939 ஜனவரி 1. அந்த உரையாடல் பிப்ரவரியில் ஹரிஜன் இதழில் வெளிவந்தது. தீமா கேட்ட முக்கியமான கேள்வி இது: தென்னாப்பிரிக்காவில் இந்தியரும் ஆப்பிரிக்கரும் ஒரே அணியாக நிற்கலாமா?

கூடாது என்றார் காந்தி. உங்கள் சிக்கல் வேறு, இந்தியர்களின் சிக்கல் வேறு. நீங்கள் மண்ணின் மக்கள், பெரும்பான்மை, அவர்கள் சிறுபான்மை. சேர்ந்தால் பலம் கூடாது, பலவீனம்தான் கூடும் என்பது அவர் வாதம். இருபத்தோரு ஆண்டுகள் அந்த மண்ணில் போராடியவர் சொன்னது என்பதால் அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனாலும் அது பிழையான ஆலோசனை. பிழை என்று காட்டியது வாதம் அல்ல, அடுத்த இருபது ஆண்டு வரலாறு. 1947 மார்ச்சில் ஆப்பிரிக்கக் காங்கிரசின் டாக்டர் ஜூமா, இந்தியக் காங்கிரஸ்களின் டாக்டர் தாதூ, டாக்டர் நாயக்கர் ஆகிய மூவரும் இரு தரப்பும் ஒத்துழைப்பதென்று கையெழுத்திட்டார்கள். மூவரும் மருத்துவர்கள் என்பதால் டாக்டர்கள் ஒப்பந்தம் என்று அதற்குப் பெயர். மான்டி நாயக்கர் என்று அழைக்கப்பட்ட கங்காதுர மொஹாம்பிரி நாயக்கர் டர்பனில் பிறந்த தமிழர், எடின்பரோவில் படித்தவர், நேட்டால் இந்தியக் காங்கிரசின் தலைவர். அதே ஆண்டு தாதூவும் அவரும் இந்தியா வந்து காந்தியைச் சந்தித்தார்கள். கூட்டு அகிம்சை வழியில் நடக்க வேண்டும் என்பதே அப்போது அவர் அக்கறை, கூட்டே கூடாது என்ற பேச்சு போய்விட்டது.

கையெழுத்து காகிதத்தில் காயும் முன்பே சோதனை வந்தது. 1949 ஜனவரியில் டர்பனில் இந்தியக் கடைக்காரர் ஒருவர் ஆப்பிரிக்கச் சிறுவனை அடித்தார் என்று தொடங்கிய கலவரம் மூன்று நாள் எரிந்தது. 142 பேர் செத்தார்கள். 50 பேர் இந்தியர், 87 பேர் ஆப்பிரிக்கர். இந்தியர் வீடுகளும் கடைகளும் சாம்பலாயின. பிறகு சுட்டுத் தள்ளியது போலீசும் படையும்.

இதற்கு இரண்டே ஆண்டுகள் கழித்து, 1951இல், லுதுலி நேட்டால் மாகாணக் காங்கிரசுக்குத் தலைவரானார். தோற்றவர் சாம்பியன் என்ற பழம்பெரும் தலைவர். அவர் இந்தியரோடு கூட்டை நம்பாதவர். அன்றைய நேட்டாலில் ஓட்டு வாங்கும் சுலபமான வழி, இந்தியன் நம்மைச் சுரண்டுகிறான் என்று பேசுவது. அதில் பாதி உண்மையும் இருந்தது. பஸ் முதலாளி, கடைக்காரர், வீட்டுக்காரர் பலர் இந்தியர்களாகவே இருந்தார்கள். லுதுலி அந்த வழியில் போகவில்லை. மான்டி நாயக்கரின் கையைப் பிடித்தார். 1952 ஜூன் 26 அன்று தொடங்கிய சட்டமறுப்பு இயக்கத்தை இரண்டு காங்கிரஸ்களும் சேர்ந்து நடத்தின. எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை போனார்கள்.

அரசு அவரைப் பிரிட்டோரியாவுக்கு வரவழைத்தது. பூர்வகுடி விவகாரத் துறைச் செயலர் ஐசலன் நேரில் சொன்னார்: காங்கிரசை விடு, இல்லையென்றால் ஊர்த் தலைமையை விடு. யோசிக்க அவகாசமும் கொடுத்தார். லுதுலி இரண்டையும் விடவில்லை. மக்களுக்காக இருப்பதுதான் தலைமை என்றால் இரண்டுக்கும் முரண்பாடே இல்லை என்பது அவர் நிலை. நவம்பரில் பதவியைப் பறித்தார்கள். விடுதலைக்கான பாதை சிலுவை வழியே என்ற தலைப்பில் ஓர் அறிக்கை வெளியிட்டார். கதவைப் பல பத்தாண்டுகள் பொறுமையோடு தட்டியும் திறக்கவில்லை என்பது அதன் சாரம். டிசம்பரில் காங்கிரஸ் அவரை நாடு முழுமைக்கும் தலைவராக்கியது. அரசு பறித்த பட்டத்தை மக்கள் திருப்பிக் கொடுத்தார்கள், சாகும்வரை அவர் “சீஃப்” தான்.

அதன் பிறகான பதினைந்து ஆண்டுகளில் பெரும்பகுதி தடையுத்தரவுகளில் கழிந்தது. 1953இல் ஒன்று, 1954இல் ஒன்று, 1959இல் ஐந்தாண்டுக்கு ஒன்று, 1964இல் மறுபடி ஐந்தாண்டு. குரௌட்வில் வட்டாரத்தைத் தாண்டக் கூடாது, கூட்டத்தில் பேசக் கூடாது. 1955 ஜூனில் க்ளிப்டவுன் திடலில் ஏறக்குறைய மூவாயிரம் பிரதிநிதிகள் கூடி விடுதலைச் சாசனத்தை நிறைவேற்றியபோது தலைவரே அங்கே இல்லை. நாடு அதில் வாழும் கறுப்பர், வெள்ளையர் எல்லோருக்கும் உரியது என்று சாசனம் அறிவித்தது. தேசத்துரோக வழக்கில் 1956 டிசம்பரில் பிடிக்கப்பட்ட 156 பேரில் லுதுலி, மண்டேலா, மான்டி நாயக்கர் மூவரும் இருந்தார்கள்.

தடைக்குள் இருந்தபடி ஒரு கட்சியை எப்படி நடத்துவது? ஸ்டாங்கரின் இந்திய நண்பர்கள் கடிதம் கொண்டுபோனார்கள், சந்திப்புக்கு இடம் தந்தார்கள். செயற்குழு அவர் இருக்கும் இடத்தைத் தேடி வந்தது, பெரும்பாலும் ராத்திரியில். மண்வெட்டி பிடித்துக் குடும்பத்தைக் காப்பாற்றியவர் நொகுகான்யா. கணவர் ஊர்த் தலைவரானதிலிருந்தே வயல் அவர் பொறுப்பு. நோபல் பணத்தில் சுவாசிலாந்தில் நாடு கடந்தவர்களுக்காக இரண்டு பண்ணைகள் வாங்கினார்கள். அங்கேயும் பல மாதங்கள் போய் உழைத்தவர் அந்த அம்மையார். லுதுலியின் பொறுமையைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் அந்தப் பொறுமைக்குச் சோறு போட்ட கையைக் குறிப்பிட மறந்துவிடுகிறார்கள்.

1958இல் பிரிட்டோரியாவில் ஒரு படிப்பு வட்டத்தில் பேசப் போனபோது வெள்ளை இளைஞர்கள் மேடை ஏறி அவரை அடித்துக் கீழே தள்ளி உதைத்தார்கள். எழுந்து, உடையைச் சரிசெய்துகொண்டு, சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் போனார்.

வெளியிலிருந்து வந்த அடியைவிட உள்ளிருந்து வந்த நெருக்கடி கடினமானது. ஆப்பிரிக்கா ஆப்பிரிக்கருக்கே, இந்தியரும் வெள்ளையரும் கம்யூனிஸ்டுகளும் நம் கட்சியை ஆட்டுவிக்கிறார்கள் என்று ஓர் அணி பிரிந்து 1959இல் தனிக் கட்சி கண்டது. அவர்கள் கோபம் நியாயமானது, முடிவு குறுகியது. லுதுலி கம்யூனிஸ்ட் அல்லர், ஆனால் கம்யூனிஸ்டான மோசஸ் கொட்டானேவின் ஆலோசனையை மதித்துக் கேட்டவர். 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் போலீஸ் 69 பேரைச் சுட்டுக் கொன்றது. சில நாளில் லுதுலி, கறுப்பர்கள் கட்டாயமாக வைத்திருக்க வேண்டிய அனுமதிச் சீட்டை, பிரிட்டோரியாவில் எல்லோரும் பார்க்கக் கொளுத்தினார். ஏப்ரலில் காங்கிரஸ் தடை செய்யப்பட்டது.

நோபல் பரிசுக்கு அவர் தகுதியானவர் அல்லர் என்று சொல்லிக்கொண்டே அரசு பத்து நாள் பாஸ்போர்ட் கொடுத்தது. ஜூலுத் தலைவருக்குரிய தலையணியோடு ஆஸ்லோ மேடையில் நின்றார். உரை நிகழ்த்தியது டிசம்பர் 11. டிசம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவில் குண்டுகள் வெடித்தன. மண்டேலாவும் தோழர்களும் தொடங்கிய ஆயுத அமைப்பின் முதல் நடவடிக்கை. அமைதிக்கான பரிசு வாங்கிய கையின் ஈரம் காய்வதற்குள் இது.

இதை அவர் ஏற்றாரா, எதிர்த்தாரா? ஆய்வாளர்கள் இன்றும் மோதிக்கொள்ளும் இடம் இது. கட்சி அகிம்சையிலேயே நிற்கட்டும், ஆயுத அமைப்பு தனியாக இருக்கட்டும் என்ற இணக்கத்துக்கு நேட்டாலில் நடந்த இரவுக் கூட்டங்களில் அவர் வந்தார் என்பது மண்டேலா சொல்வது. அகிம்சையிலிருந்து அவர் ஒருபோதும் நகரவில்லை, அவரை மீறித்தான் நடந்தது என்பது குரௌட்வில் சபையில் போதகராக இருந்த ஸ்காட் கூப்பர் 2010இல் எழுதிய நூலின் வாதம். பதிவுகளை வைத்துப் பார்த்தால் லுதுலி ஆயுதத்தை விரும்பவில்லை என்பது உறுதி. எடுத்தவர்களைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பதும் உறுதி. 1964 ஜூனில் மண்டேலாவுக்கும் தோழர்களுக்கும் ஆயுள் தண்டனை விதித்தபோது, நீதியைத் தேடி அவர்கள் அந்த வழிக்குப் போனதற்காக யாரும் அவர்களைக் குறை சொல்ல முடியாது என்று அறிக்கை விட்டார்.

தமிழ் வாசகர்களுக்கு இந்த இடத்தில் இன்னொரு முகம் நினைவுக்கு வரும். தந்தை செல்வா. அவரும் 1898இல் பிறந்தவர். அவரும் ஆழ்ந்த கிறித்துவர், பெரும்பான்மை இந்துக்களான ஈழத்தமிழரால் தந்தை என்று ஏற்கப்பட்டவர். 1961இல் லுதுலி நோபல் வாங்கிய அதே ஆண்டு வடக்கிலும் கிழக்கிலும் சத்தியாக்கிரகம் நடத்தியவர். அவர் கண்முன்னேயே அடுத்த தலைமுறை ஆயுதத்தை நோக்கிப் போனது. இருவரையும் எடை போடுவது இங்கே நோக்கமல்ல. அகிம்சைத் தலைவர்களைத் தோற்கடிப்பது பெரும்பாலும் அவர்களுடைய இளைஞர்கள் அல்ல, பேசவே மறுக்கும் அரசுகள்தான் என்பது இரு வரலாற்றிலும் தெரிகிறது.

லுதுலியின் உறுதியைக் காட்டும் சிறந்த சான்று 1962இல் இருக்கிறது, அதைப் பதிவு செய்திருப்பவர் மண்டேலாவே. ரகசியமாக ஆப்பிரிக்க நாடுகளைச் சுற்றிவிட்டுத் திரும்பிய மண்டேலா நேட்டால் வந்து தலைவரைச் சந்தித்தார். பல ஆப்பிரிக்க நாட்டுத் தலைவர்களுக்கு நம் கூட்டணி பிடிக்கவில்லை, இந்தியரும் வெள்ளையரும் நம்மை நடத்துவதாக நினைக்கிறார்கள், ஆப்பிரிக்கர் முன்னணியில் நிற்பது வெளியே தெரியும்படி கொஞ்சம் மாற்றுவோம் என்றார். பணமும் பயிற்சியும் அந்த நாடுகளிடமிருந்து வர வேண்டிய நேரம். லுதுலிக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை. வெளிநாட்டு அரசியல்வாதிகள் நம் கொள்கையை வகுக்கக் கூடாது, இன வேறுபாடு பார்க்காத இந்தக் கொள்கைக்கு நாம் வந்ததற்குத் தக்க காரணங்கள் இருக்கின்றன என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றும் சொன்னார். அந்தச் சந்திப்புக்கு முன்பே மண்டேலா டர்பனில் மான்டி நாயக்கரையும் மற்ற இந்தியத் தோழர்களையும் பார்த்திருந்தார். ஆகஸ்ட் 5 அன்று ஜோகன்னஸ்பர்க் திரும்பும் வழியில் ஹோவிக் அருகே பிடிபட்டார். அடுத்த இருபத்தேழு ஆண்டுகள் சிறை.

தாம்பரத்திலிருந்து போன தீமா கேட்ட கேள்விக்குத் தாம்பரத்திலிருந்து போன லுதுலி கொடுத்த பதில் இது. கட்சி தடை செய்யப்பட்ட, ஊரைவிட்டு நகர முடியாத ஒரு தலைவர், உதவி தேவைப்பட்ட நேரத்தில், சிறுபான்மைக் கூட்டாளியைக் கழற்றிவிட மறுத்தார். 1994 ஏப்ரல் 27 அன்று மண்டேலா தன் வாழ்நாளின் முதல் வாக்கைப் போடத் தேர்ந்தெடுத்த இடம் ஓலாங்கே. டூபேயின் கல்லறை இருக்கும் பள்ளி, லுதுலி படித்த பள்ளி. 1996 அரசியல் சட்டத்தின் முகப்புரை, விடுதலைச் சாசனத்தின் அந்தப் பழைய அறிவிப்பையே திரும்பச் சொல்கிறது.

லுதுலி அந்த நாளைப் பார்க்கவில்லை. 1967 ஜூலை 21 அன்று, வீட்டுக்கு அருகே உம்வோட்டி ஆற்று ரயில் பாலத்தில் அடிபட்டுக் கிடந்தார். அன்றே ஸ்டாங்கர் மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. சரக்கு ரயில் மோதியது, விபத்து என்று அந்த ஆண்டே விசாரணையை முடித்தார்கள். தினமும் நடந்து பழகிய பாலத்தில், தன் நிலத்துக்குப் போகும் வழியில், ரயில் வருவது தெரியாமல் நடந்தார் என்பதைக் குடும்பம் நம்பவே இல்லை. 2025 ஏப்ரலில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றத்தில் மறுவிசாரணை தொடங்கியது. அக்டோபர் 30 அன்று தீர்ப்பு வந்தது. மண்டை ஓடு நொறுங்கி மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டுச் செத்தார். ரயில் மோதி அல்ல, அடித்ததால். அதில் உளவுப் போலீசுக்கும் ரயில்வே ஊழியருக்கும் பங்கு உண்டு என்றது நீதிமன்றம். ஐம்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து.

அந்த ஐம்பத்தெட்டு ஆண்டும் தென்னாப்பிரிக்கர்கள் அவர் பெயரைக் கைவிடவில்லை. காங்கிரஸ் தலைமையகம் லுதுலி இல்லம். நாட்டின் உயரிய விருதுகளில் ஒன்று லுதுலி பெயரில். குரௌட்வில் வீடு 2004 முதல் அருங்காட்சியகம். தாம்பரத்துக்கும் ஒரு கடமை மீதி இருக்கிறது. 2021இல் மாநகராட்சி ஆகிவிட்ட ஊர் இது, பெயர் வைக்கத் தெருக்களும் பூங்காக்களும் நிறையவே உண்டு. 1938 மாநாட்டின் ஏழு தொகுதிகளும் அச்சில் வந்தவை, நூலகங்களில் கிடைக்கும். கிறித்துவக் கல்லூரியின் வரலாற்று மாணவர்கள் அவற்றைப் புரட்டி, அந்தப் பதினெட்டு நாட்களில் இந்த வளாகத்தில் நடந்தவர்களின் பட்டியலை ஊருக்குத் தமிழில் சொல்ல வேண்டும். சேலையூரிலோ தாம்பரத்திலோ ஒரு சாலைக்கு ஆல்பர்ட் லுதுலியின் பெயரை வைக்க மாநகராட்சி மன்றம் தீர்மானம் போட வேண்டும்.